புல்லட் சீட்டில் செதுக்கிய தோல்: சாயமும் பெயிண்ட்டும் கெட்டுப்போவது எங்கே?

செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவில் இருக்கும் அன்னப்பட்சியையோ யாளியையோ தோலில் செதுக்கி, புல்லட்டுக்கு சீட்டாகவும் சைடு பேக்காகவும் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறுமை இருந்தால் செதுக்கல் கைக்கு வந்துவிடும். வேலை கெடுவது பெரும்பாலும் நிறம் ஏற்றும்போதுதான். ஐப்பசி மழையில் ஒருமுறை நனைந்ததும் சாயம் வேட்டியில் இறங்கும், பெயிண்ட் செதில் செதிலாக உரியும்.

சாயம் தோலின் நாருக்குள் இறங்குவது. பெயிண்ட் தோலின் மேல் படலமாக உட்காருவது. இந்த வித்தியாசத்தை மறந்து ஒன்று செய்ய வேண்டிய வேலையை மற்றொன்றிடம் கொடுப்பதுதான் பாதித் தவறுகளுக்கு வேர்.

அதற்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு: தோலைப் பார்க்காமல் வாங்குவது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் செருப்புக்கும் ஷூவுக்கும் பெரும்பாலும் குரோமில் (குரோமிய உப்பில்) பதனிட்ட தோல்தான் வருகிறது. அது மிருதுவானது, உழைக்கக்கூடியது. ஆனால் அதில் அச்சு நிற்காது, அடித்த கொஞ்ச நேரத்தில் எழும்பிவிடும். செதுக்குவதற்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல் வேண்டும். நமக்குப் பக்கத்தில் திண்டுக்கல், திருச்சி, கொஞ்சம் தள்ளி ஈரோடு எல்லாம் அந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். கடையில் ஒரு துண்டை ஈரமாக்கி நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் அப்படியே நின்றால் வாங்கலாம். வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாகத் தெரிந்தால் அது குரோம் தோல். சீட்டுக்கும் பைக்கும் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும்.

ஆவாரம்பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெயில் படப்படச் சிவக்கும். அதைத் தடுக்கத்தான் நம் ஊர்த் தொழிலாளர்கள் கடைசியில் கடுக்காய் கொடுத்தார்கள். எப்படியானாலும் தோலின் இயற்கை நிறத்தையே பின்னணியாக விட்டு அதன் மேல் வெளிர் நிறங்களை நம்பி வேலை செய்யாதீர்கள். பைக் நிற்பது காரைக்குடி வெயிலில். சில மாதங்களிலேயே நீங்கள் நினைத்த நிறம் வேறாகிவிடும்.

கறுப்புப் புள்ளிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டைத் தோலில் இருக்கும் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை உண்டாகும். துருப்பிடித்த உளி, இரும்பு வாளி, இரும்புச் சத்துள்ள போர்த் தண்ணீர் எதுவானாலும் போதும், தோலில் கருநீலக் கறை விழுந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியும் கேன் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்துவிட்ட கறையை எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் பெரும்பாலும் மங்கும். சாயம் போட்ட பிறகுதான் கறையைக் கவனித்தீர்கள் என்றால் ஒன்றும் செய்ய முடியாது.

ஈரமாக்கிய தோலில் செதுக்கி முடித்ததும் அவசரப்பட்டு முற்றத்து மொட்டை வெயிலில் வைக்கிறார்கள். ஈரமான பட்டைத் தோல் 70–80 டிகிரிச் சூட்டில் சுருங்கிவிடும், பிறகு விரியாது. வெயில் அந்த அளவு சுடாவிட்டாலும் மேல்பக்கம் மட்டும் சட்டென்று காய்ந்து தோல் விறைத்து வளையும். முகப்பு நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஹீட் கன், இஸ்திரிப் பெட்டி இரண்டுமே வேண்டாம். காய்ந்ததும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. எண்ணெய் ஊறிய இடம் கருத்துப்போகும், பெயிண்ட் அங்கே ஒட்டாது. விரல் எண்ணெய்க்கும் சிந்திய ஒட்டுப்பசைக்கும் இதே கதைதான். பசை பட்ட இடத்தில் சாயம் இறங்காமல் வெள்ளைத் திட்டு நிற்கும்.

இனி சாயம். ஆத்தங்குடிக் கல் செய்கிறவர்கள் கண்ணாடி மேல் அச்சை வைத்து ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறத்தை ஊற்றுவார்கள். அச்சின் தகடு நிறங்களைப் பிரித்து வைக்கும். தோலில் கத்தி கீறிய கோடும் அப்படிப் பிரிக்கும் என்று நம்புகிறோம். அது பிரிக்காது. கோடு மேலாக மட்டும்தான் வெட்டியிருக்கிறது, அடியில் நார் ஒன்றுதான். தூரிகையில் ஸ்பிரிட் சாயத்தை (ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தை) நிறைய எடுத்துக் கோட்டோரத்தில் வைத்தால் அது அடிவழியாகப் பக்கத்து இதழுக்குள் ஊறிவிடும். தூரிகையை ஒற்றி எடுத்து, நடுவில் தொடங்கி, கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மிச்சத் தூரம் சாயம் தானே போகும். சாயம் ஒளி ஊடுருவுவது, அதனால் கறுப்பின் மேல் மஞ்சள் போட்டால் கறுப்புதான் தெரியும். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு.

சித்திரை நடுப்பகலில் ஸ்பிரிட் சாயம் போடவே கூடாது. ஒரு கை பரப்பி முடிப்பதற்குள் முந்தைய ஓரம் காய்ந்து கோடு கோடாக விழும். விடியற்காலையில், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். அடர்த்தியாக ஒரே முறை போடுவதை விட, நீர்க்கக் கலந்து மூன்று முறை வட்டமாகத் தேய்ப்பது எவ்வளவோ மேல். காய்ந்த பிறகு கறுப்பிலும் நீலத்திலும் வெண்கல மினுக்கு போல ஏதோ தெரிந்தால், அது நாருக்குள் இறங்காமல் மேலே தங்கிய பொடி. உலர்ந்த துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். வெள்ளைத் துணியில் நிறம் வராத வரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். இந்த ஒரு படியைத் தாண்டிப் போவதால்தான் பேன்ட்டும் வேட்டியும் பாழாகின்றன.

பெயிண்ட்டில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஆள் உட்காரும் இடத்தில் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பழைய புல்லட்டின் ஸ்பிரிங் சீட் ஓயாமல் அசையும், அதோடு உரசலும் வியர்வையும் சேர்ந்துகொள்ளும். எந்தப் படலமும் அங்கே தாங்காது. அங்கே சாயம் மட்டும் போடுங்கள். அன்னத்தின் வெள்ளை, கிளியின் பச்சை போன்ற எடுப்பான நிறங்களை சீட்டின் ஓரத்துக்கும் பையின் மூடிக்கும் பெட்ரோல் டேங்க் மேல் போடும் தோல் பட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுக்கு அடிக்கும் எனாமல் வளைந்தால் வெடிக்கும், ஆகவே தோலுக்கென்று வரும் அக்ரிலிக்தான் வேண்டும். அதையும் தண்ணீர் கலந்து மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள். கெட்டியாகப் போட்டால் நாள் கணக்கில் அடித்த இறகுக் கோடுகள் எல்லாம் நிரம்பி மறைந்துவிடும். பழுப்புத் தோலில் சிவப்பும் மஞ்சளும் பளிச்சென்று தெரிய வேண்டுமானால் அடியில் மெல்லிய வெள்ளைப் பூச்சு கொடுங்கள்.

பள்ளங்களைக் கருக்கும் ஆன்டிக் பேஸ்ட்டைப் போடுமுன் நிறங்களின் மேல் ரெசிஸ்ட் பூச்சு, அதாவது பேஸ்ட் நிறத்தில் ஒட்டாமல் தடுக்கும் பூச்சு, காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே ஒரே அழுக்குப் பழுப்பாகும். கடைசியாகப் போடும் ஃபினிஷை (மேல்பூச்சை) தூரிகையால் இழுத்தால் சாயமும் கூடவே இழுபடும். ஸ்பாஞ்ச்சில் தொட்டு லேசாக, இரண்டு மூன்று தடவை போதும்.

ஃபினிஷ் போட்டாயிற்று என்று பெட்ரோல் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். டேங்க் பட்டையில் சிந்தினால் அப்போதே ஒற்றி எடுங்கள். சைலன்ஸர் பக்கத்துப் பைக்கு நடுவில் தாங்கி வைத்து இடைவெளி விடுங்கள். பையைப் பிணைக்கும் ஆணியும் வளையமும் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருக்கட்டும். சாதா இரும்புப் போல்ட் போட்டால், முதல் மழையிலேயே அதைச் சுற்றிக் கருநீல மை கசியும்.