ஊரில் போட்ட பூட்டை ஊரிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வேலை அட்டை, சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம், வங்கிக் கணக்கு எல்லாம் கம்பெனியே சொல்லித் தந்துவிடும். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் அறை எடுத்தால் குறைந்தது 6 மாதம் என்பதை ஓனர் சொல்வார். நான் சொல்ல வந்தது லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸோடு வருகிறவர்களுக்கு மட்டும்.

யீஷூனில் முதல் ராத்திரி. வைஃபை பிடித்தது, ஒரு தளமும் திறக்கவில்லை. அதே வைஃபையில் கைப்பேசியில் அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார். கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு பிங் அடித்து, அதாவது இருக்கிறாயா என்று கேட்டுப் பார்த்தால் பதில் வருகிறது, எண்ணுக்குப் பதில் தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை. தளத்தின் பெயரை எண் முகவரியாக்கித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கோ ஓனர் அண்ணனின் ரூட்டர் மேல்தான் சந்தேகம். பாவம், அவர் ஆள் வரவழைத்தார். வந்தவர் தன் லேப்டாப்பில் எல்லாம் திறந்து காட்டிவிட்டு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிக்கொண்டு போனார். நம்மூர்ச் சாப்பாடு கிடைக்கும் தேக்காவில் எத்தனை வேளைச் சாப்பாடு!

ரூட்டரிலுள்ள டிஎச்சிபி என்ற சேவையே உங்கள் கணினிக்கு ஐபி முகவரி, கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் மூன்றையும் சேர்த்தே தரும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் கோப்பு ஈடிசி அடைவிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் (resolv.conf). அது வேறொரு கோப்பைக் காட்டும் வெறும் சுட்டிதான். உள்ளே 127.0.0.53 என்று இருந்தால் பதறாதீர்கள், சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற டிஎன்எஸ் சேவை உங்கள் கணினிக்குள்ளேயே கேள்விகளை வாங்கிக்கொள்ளும் முகவரி அது.

மதுரையில் நான் செய்த புத்திசாலித்தனம் என்ன தெரியுமா? எழுதியது ஒவ்வொரு ரீபூட்டிலும் அழிகிறதே என்று அந்தச் சுட்டியை நீக்கி, அங்கே ஒரு கோப்பு வைத்து, ஊர் நெட் கம்பெனியின் டிஎன்எஸ் எண்ணை எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி சிஎச்அட்டர் பிளஸ் ஐ (chattr +i) கட்டளை போட்டுப் பூட்டினேன். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராலும் அழிக்க முடியாது என்று பெருமை வேறு! அந்த ஊர் டிஎன்எஸ் சர்வரோ சொந்த வாடிக்கையாளருக்கு மட்டும்தான் பதில் சொல்லும். சிங்கப்பூரிலிருந்து கேட்டால் மௌனம்.

நீங்களும் இப்படிப் பூட்டியிருந்தால், அந்த ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் மேல் எல்எஸ்அட்டர் (lsattr) அடித்துப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவே 'ஐ' (i) எழுத்து நின்றால் பூட்டு இருக்கிறது. ரூட் அதிகாரம் தரும் சூடோவோடு சிஎச்அட்டர் மைனஸ் ஐ (chattr -i) அடித்துப் பூட்டைத் திறந்து, பிறகு கோப்பை அழித்து, ரன் அடைவில் சிஸ்டம்டி, அதற்குள் ரிசால்வ், அதிலுள்ள ஸ்டப்-ரிசால்வ்.கான்ஃப் (/run/systemd/resolve/stub-resolv.conf) கோப்புக்குப் பழையபடி சுட்டி போடுங்கள். ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் (resolvectl status) அடித்தால் ரூட்டர் தந்த டிஎன்எஸ் தெரியும்.

வைஃபையின் ஐபிவி4 (ஐபி முகவரி) அமைப்பில் மேனுவல் இருந்தால் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஊரில் நீங்களே வைத்த 192.168.1.20 என்ற முகவரி இங்கே அறைத்தோழரின் கைப்பேசிக்குப் போயிருந்தால் இருவருக்கும் நெட் விட்டுவிட்டுத்தான் வரும். மாறாத ஐபி எண் வேண்டுமென்றால் ஓனரிடம் கேட்டு ரூட்டரிலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அந்த 60 வெள்ளியை அண்ணனிடம் நீட்டினேன், வாங்கவில்லை. அதற்குப் பதில் மகனின் பழைய கணினியில் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்.