கையுறையின் பெருவிரலுக்குத் தங்கூசி

கையுறை பின்னும்போது பெருவிரலுக்காக ஒதுக்கும் கண்ணிகளைத் தடித்த தங்கூசியில், அதாவது தூண்டிலுக்குப் பயன்படும் நைலோன் இழையில், கோர்த்து வையுங்கள். மட்டக்களப்பில் மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஒரு முழத் துண்டே தாராளம். விறைப்பாக இருப்பதால் தைக்கும் ஊசி இல்லாமலே கண்ணிகளுக்குள் நுழையும். வழவழப்பாக இருப்பதால் கம்பளி இழை அதில் ஒட்டாது, சாயமும் பிடிக்காது. பெருவிரலைப் பின்னத் தொடங்கும்போது கண்ணிகள் சிதையாமல் மீண்டும் பின்னல் ஊசிக்கு வரும். வளைந்து கொடுக்கும் என்பதால் இடையில் கையில் போட்டு அளவும் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

அந்த வழவழப்பாலேயே ஒற்றை முடிச்சு நழுவிவிடும். இரண்டு மூன்று முடிச்சுப் போடுங்கள். மெல்லிய தங்கூசி வேண்டாம், கண்ணிகள் இறுகிவிடும். பெருவிரல் இல்லாத கைக்குழந்தைக் கையுறைக்கு இது தேவைப்படாது.