கைப்பேசியில் துள்ளும் பந்து: அனிமேஷனில் முதல் பாடம்

படம் வரைய வராது என்று ஒதுங்குகிறவர்கள்தான் ஃபிளிப்பாகிளிப் என்ற அனிமேஷன் செயலியை முதலில் நிறுவிப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு வட்டமும் ஒரு கோடும் போட முடிந்தால் பந்தைத் துள்ள வைத்துவிடலாம்.

1. கூட்டல் குறியைத் தொட்டுப் புதிய கோப்பைத் தொடங்குங்கள். வெள்ளைப் பின்னணி போதும். வேகம் நொடிக்கு 12 ஃபிரேம் (அடுத்தடுத்து ஓடும் படங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம்). திரைப்படம் 24 ஃபிரேமில் ஓடினாலும், ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி 12 ஓவியங்களில் ஒரு நொடியை முடிப்பது கையால் வரைபவர்களின் நெடுநாள் வழக்கம்.

2. கட்டக் கோடுகளையும் ஆனியன் ஸ்கின் வசதியையும் இயக்குங்கள். முன்னது அளவு பார்க்க உதவும். பின்னது முந்தைய ஃபிரேமை மங்கலாகக் காட்டும். வீடியோவில் இரண்டுமே தெரியாது. திரையின் உயரத்தில் 20 கட்டங்களுக்கு மேல் அடங்குமாறு கட்டத்தைச் சிறிதாக்குங்கள். கீழே தரைக்கோடு, அதை எல்லா ஃபிரேமிலும் அதே இடத்தில் போட வேண்டும்.

3. இனி பந்து விழ வேண்டும். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். புதிதாக வரைபவர்கள் பந்தைச் சம இடைவெளியில் இறக்குவார்கள். அது லிஃப்டில் இறங்குவதுபோல் கனமே இல்லாமல் வரும். விழும் பொருள் சம நேரங்களில் கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகும். எனவே முதல் ஃபிரேமில் பந்தின் அடிப்பகுதி தரைக்கு 16 கட்டம் மேலே இருக்கட்டும். அடுத்ததில் 1 கட்டம் இறக்குங்கள், பிறகு 3, 5, 7. ஐந்தாவது ஃபிரேமில் பந்து தரையைத் தொட்டுவிடும். இதற்கு ஆகும் நேரம் மூன்றில் ஒரு நொடி. ஏறத்தாழ அரை மீட்டர் உயரத்திலிருந்து நிஜப் பந்து விழும் நேரமும் அதுவே.

4. ஆறாவது ஃபிரேமில் பந்தைச் சற்று நசுக்குங்கள். அகலம் கூடும் அளவுக்கு உயரம் குறையட்டும். இல்லையென்றால் பந்து பெருத்துவிட்டதாகத் தோன்றும்.

5. பிறகு 5, 3, 1 என ஏற்றி, 1, 3, 5 என இறக்குங்கள். இத்துடன் 12 ஃபிரேம், சரியாக ஒரு நொடி. அடுத்த துள்ளலுக்கு 3, 1 என ஏற்றி, 1, 3 என இறக்குங்கள்.

6. ஓட்டிப் பார்த்து எம்பி4 கோப்பாகச் சேமியுங்கள். இலவசப் பதிப்பில் செயலியின் முத்திரை விழும். பயிற்சிக்கு அது தடையில்லை.