கம்பெனி இணையதளத்தில் போட்டிருப்பதை நம்பலாமா? சேலத்து உப்புத்தண்ணீரோடு போராடிக் கற்றுக்கொண்டது

சேலத்தில் போர் தண்ணீரை நம்பி இருக்கிற வீடுகளில் வாளி ஓரத்தில் வெள்ளைக் கோடு இருக்கும், குழாய் வாயில் கல் மாதிரி உப்பு கட்டியிருக்கும், ஹீட்டர் காயில் அடிக்கடி போகும். காவிரித் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொண்டு, குளிக்க, துவைக்க எல்லாம் போர்தான். எங்கள் வீடும் அப்படித்தான். "உப்பு போட வேண்டாம், பராமரிப்பே இல்லை, கடின நீர் மென்னீராகும்" என்று ஒரு கம்பெனியின் பக்கத்தில் படித்துவிட்டு, குழாயில் மாட்டுகிற காந்தக் கருவி ஒன்றை வாங்கினேன். எட்டு மாதம் கழித்து ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தால் காயிலில் அதே உப்பு, அதே கனம். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனிப் பக்கத்தையும் நான் படிக்கிற விதமே மாறிவிட்டது.

முதலில், அவர்கள் சொல்வது உண்மையானால் எந்த எண் மாறணும் என்று பாருங்கள். மென்னீராகும் என்றால் கடினத்தன்மை குறையணும். அதை அளக்க சொட்டு மருந்து கிட் கடையில் கிடைக்கிறது, தண்ணீர் சிவப்பிலிருந்து நீலமாக மாறும் வரை சொட்டுகளை எண்ணினால் போதும். கருவிக்கு முன்னால் பிடித்த தண்ணீருக்கும் பின்னால் பிடித்த தண்ணீருக்கும் எனக்கு ஒரே எண்ணிக்கைதான் வந்தது. காந்தம் தண்ணீரிலிருந்து எதையும் வெளியே எடுப்பதில்லை, வேறு என்ன வரும்? கம்பெனிக்கு போன் செய்து கேட்டபோது, "கடினத்தன்மை குறையாது சார், உப்பு படிகிற விதம்தான் மாறும்" என்றார்கள். முதல் பக்கத்தில் அந்த வரி எங்கேயும் இல்லை.

உப்பு போட்டு ஓட்டுகிற ரெசின் சாஃப்ட்னர் உண்மையிலேயே வேலை செய்யும். கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால் கடினத்தன்மை குறையும், ஆனால் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே "எங்கள் சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸையும் குறைக்கும்" என்று ஒரு பக்கத்தில் பார்த்தால் அங்கேயே மூடிவிடலாம். டிடிஎஸ் குறைய, மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிகட்டுகிற ஆர்.ஓ. வேண்டும்.

அடுத்தது, எனக்கு மிகவும் பயன்பட்டது: முதல் பக்கத்தை விட்டுவிட்டு, அதே இணையதளத்தில் மேனுவலையும் வாரண்டி நிபந்தனைகளையும் தேடிப் படியுங்கள். மேனுவல் கருவியை மாட்ட வருகிற ஆளுக்காக எழுதுவது, தப்பாக எழுதினால் சர்வீஸ் செலவு அவர்கள் தலையில் விழும், அதனால் அதில் பெரும்பாலும் உண்மை இருக்கும். உள்ளே வரும் தண்ணீரில் எவ்வளவு டிடிஎஸ், எவ்வளவு கடினத்தன்மை, எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். முதல் பக்கத்தில் "எந்தத் தண்ணீருக்கும் ஏற்றது", வாரண்டியில் "இந்த அளவுக்கு மேல் உப்பிருந்தால் பொறுப்பல்ல" என்று இருந்தால், நம் ஊர் போருக்கு அந்த வாரண்டி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. வாங்கும்போது எண்களையும் பாருங்கள்: 75 கேலன் மெம்ப்ரேன் (அந்தச் சவ்வு) என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 284 லிட்டர், மணிக்கு 12 லிட்டர்கூட வராது. அதுவும் பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்தில், உப்பு குறைந்த தண்ணீரை வைத்து அளந்தது. தண்ணீர் குளிர்ந்தால் வரத்து குறையும், ஏற்காட்டில் இருக்கும் என் மச்சான் வீட்டில் மார்கழிக் காலையில் ஆர்.ஓ. நூலாக ஒழுகுவது அதனால்தான், மிஷினில் கோளாறு இல்லை.

சான்றிதழ் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது கம்பெனி தன் வேலையை ஒழுங்குமுறையோடு நடத்துகிறதா என்பதற்கு, கையில் வாங்குகிற பொருளின் தரத்துக்கு அல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மேலே ஐ.எஸ். எண்ணும் (எந்த இந்தியத் தரவிதி என்பது) கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கணும். அந்த உரிம எண்ணை, முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கீசருக்கு வாங்கிய முத்திரையை மொத்தக் கம்பெனிக்கும் வாங்கியது மாதிரி தலைப்பில் போடுகிறவர்கள் உண்டு. ஆய்வக அறிக்கை போட்டிருந்தால் பெரிதாக்கிப் படியுங்கள்: ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா, எந்த மாடலைச் சோதித்தார்கள், எந்தத் தேதி, மாதிரியை யார் கொண்டுவந்து கொடுத்தது. "கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே" என்ற வரியும் பெரும்பாலும் இருக்கும்.

ஒரு வீடியோ இருக்கிறது, நிறையப் பேர் அதைப் பார்த்து பயந்துதான் வாங்குகிறார்கள். இரண்டு டம்ளரில் மின்கம்பிகளை விடுவார்கள், குழாய்த் தண்ணீர் காப்பி நிறத்தில் திரண்டு வரும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக இருக்கும். அந்த அழுக்கு தண்ணீரிலிருந்து வந்ததே இல்லை, கரைந்தது இரும்புக் கம்பி. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஆர்.ஓ. தண்ணீரில் ஓடாது, அவ்வளவுதான். ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் அதே நிறத்துக்கு வரும். இதைத் தளத்தில் வைத்திருக்கும் கம்பெனியின் மற்ற வார்த்தைகளையும் நான் நம்புவதில்லை.

"99.9% கிருமி நீக்கம்" என்றால் பத்து லட்சத்தில் ஆயிரம் மிஞ்சும், 99.9999 என்றால் ஒன்று மிஞ்சும். எந்தக் கிருமி என்று சொல்லாவிட்டால் அந்த எண்ணும் வீண். "ஜெர்மன் தொழில்நுட்பம்" என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை, தாண்டிப் போங்கள். "30 வருட அனுபவம்" என்றால் பக்கத்தின் அடியில் 21 எழுத்து சி.ஐ.என். எண் (கம்பெனியின் பதிவு எண்) இருக்கிறதா பாருங்கள், மாநில எழுத்துகளுக்கு அடுத்த நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருடம். அதில் 2019 இருந்தால் மிச்ச வருடங்கள் எங்கே என்று கேளுங்கள் (பழைய கூட்டு வியாபாரத்தைப் பின்னால் கம்பெனியாக மாற்றியிருக்கலாம், அப்படியானால் சொல்வார்கள்).

வாங்குகிற அன்று அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு வையுங்கள், விற்ற பிறகு வாசகத்தை மாற்றிவிடுவார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர் மீது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இல்லாததால் நான் எதையும் நிரூபிக்க முடியவில்லை.

இரண்டாவது முறை கருவி வாங்கும் முன் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன், கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம் (குடிநீருக்கான ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 200, வேறு வழியே இல்லை என்றால் 600). அந்த அறிக்கையை மூன்று கம்பெனிகளுக்கு மெயிலில் அனுப்பி, "உங்கள் கருவிக்குப் பிறகு இது எவ்வளவாகும், ஆகாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவீர்களா, எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேட்டேன். இரண்டு பேர் திரும்பத் திரும்ப போன் மட்டும் செய்தார்கள். மூன்றாவது ஆள் 50க்குக் கீழே வரும், எத்தனை நாளுக்கு ஒருமுறை எத்தனை கிலோ உப்பு போடணும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தண்ணீர் வீணாகும் என்பது வரை எழுதி அனுப்பினார். அவரிடம்தான் வாங்கினேன், போன வாரம் சொட்டு போட்டுப் பார்த்தபோது 40 காட்டியது.