பொனேர் தீவில் எட்டுப் பேருக்கு வீடு தேடுவது

கரீபியனில் உள்ள பொனேரில் முக்குளிக்க (காற்று உருளையுடன் கடலடியில் நீந்த) படகு கட்டாயமில்லை. சாலையோர மஞ்சள் கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும்; அங்கேயே கடலில் இறங்கலாம். ஆகவே நீச்சல் குளத்தைப் பார்த்து வீடு எடுக்காதீர்கள். நாங்கள் எட்டுப் பேர் போனபோது, முக்குளிப்பு உடைகளை அலசிக் காயவைக்க இடம் உண்டா என்றுதான் முதலில் கேட்டேன். எட்டு ஈர உடைகள் கூடத்தில் கிடந்தால் வீடெல்லாம் உப்பு நாற்றம்தான்! நன்னீர்த் தொட்டி, நிழலில் துணி காயப்போடும் கொடி, சாமான்களுக்குப் பூட்டுள்ள அறை, மூன்றும் வேண்டும். தலைநகர் கிராலெண்டைக் அருகே மேற்குக் கரையில் தேடுங்கள். கிழக்கில் அலை முரட்டுத்தனமானது. இரண்டு பிக்அப் வண்டிகள் நிறுத்த இடம் அவசியம். கடைசி முக்குளிப்புக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. அதற்கேற்ப ஓர் இரவு கூடுதலாகவே வாடகை பேசுங்கள். உடைகளும் காய்ந்துவிடும்.