பெங்களூரில் சேல்ஸ் ஏரியா பிரிப்பது எப்படி? பின்கோடு வரைபடத்தோடு ஒரு செய்முறை

"கோரமங்கலா ஒருத்தருக்கு, வைட்ஃபீல்டு ஒருத்தருக்கு" என்று வாய்க்கணக்கில் பிரித்தால், ஒரு பையன் மதியம் இரண்டு மணிக்கே வேலை முடித்துவிடுவான். இன்னொருவன் இரவு எட்டு மணிக்கும் பில் போட்டுக்கொண்டிருப்பான். ஏரியா பிரிக்கும்போது எண்ண வேண்டியது வாரத்துக்கு எத்தனை விசிட் என்பதைத்தான். அப்பளமும் காபித்தூளும் 720 கடைகளுக்கு சப்ளை செய்யும் ஒரு வியாபாரத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தேவை: கடைப் பட்டியல், க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், ஒரு பின்கோடு எல்லைக் கோப்பு.

1. எல்லைக் கோப்பு

வார்டு வரைபடம் வேண்டாம். 198 வார்டு என்றிருந்தது 243 ஆனது, பிறகு 225; 2025-இல் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்துவிட்டது. பின்கோடு உங்கள் பில்லிலேயே இருக்கிறது. அஞ்சல் துறையின் பின்கோடு எல்லைகள் இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் ஜியோஜேசான் என்ற வரைபடக் கோப்பு வடிவில் கிடைக்கும். அதை க்யூஜிஐஎஸ்ஸில் ஏற்றி, 560-இல் தொடங்குவதை மட்டும் ஃபில்டர் செய்யுங்கள். அத்திபெலே, சர்ஜாபூர் பக்கம் கடை இருந்தால் 562-உம் வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

2. கடைப் பட்டியல்

எக்செல்லில் கடைப் பெயர், பின்கோடு, அட்சரேகை, தீர்க்கரேகை, விசிட், மொழி என ஆறு பத்திகள். வாரம் ஒருமுறை போகும் கடைக்கு விசிட் 1, இரு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 0.5. மொழிப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள்: அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் தமிழ் போதும், சிவாஜிநகரில் உருது தெரிந்தவருக்குத்தான் ஆர்டர் விழும்.

சிஎஸ்வியாகச் சேமித்து, க்யூஜிஐஎஸ்ஸில் 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' வழியாக ஏற்றுங்கள். எக்ஸ் என்பது தீர்க்கரேகை (77.59), ஒய் என்பது அட்சரேகை (12.97). மாற்றிப் போட்டால் உங்கள் கடைகளெல்லாம் வடதுருவம் பக்கம், ஸ்வால்பார்ட் தீவருகே போய் உட்காரும்.

கடை, பின்கோடு என்ற இரண்டு லேயரையும் (வரைபட அடுக்கு), தூரத்தை மீட்டரில் அளக்கும் இபிஎஸ்ஜி 32643 என்ற ஆயமுறைக்கு மாற்றிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் தூரம் டிகிரியில் கணக்காகும். ஒரு டிகிரி ஏறத்தாழ 110 கிலோமீட்டர்.

3. ஆள் கணக்கு

எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். சாப்பாடு, காலையில் சரக்கு ஏற்றுவது எல்லாம் சேர்த்து 90 போனால் மீதி 390. கடையில் 10 நிமிடம், அடுத்த கடைக்கு 4 நிமிடம் என்றால் நாளுக்கு 27 கடை, ஆறு நாளில் 162.

240 கடைக்கு வாராவாரம், 480 கடைக்கு இரு வாரத்துக்கு ஒருமுறை: மொத்தம் 480 விசிட். மூன்று பேர் போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் ஒருவர் லீவு போட்டாலோ, மழையில் சில்க்போர்டு சந்திப்பு அடைத்துக்கொண்டாலோ அந்த வாரமே போச்சு. நாலு பேர் வையுங்கள், தலைக்கு 120. 108 முதல் 132 வரை ஏற்ற இறக்கம் பரவாயில்லை.

4. பிரிப்பது

'ஜாயின் ஆட்ரிபியூட்ஸ் பை லொகேஷன் (சம்மரி)' கருவியில் பின்கோடு லேயருக்கு விசிட்டின் கூட்டுத்தொகையை எடுங்கள். பிறகு ஏரியா என்று புதுப் பத்தி சேர்த்து, பக்கத்துப் பக்கத்துப் பின்கோடுகளுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுங்கள். ஒன்றிணைக்க 'டிசால்வ்' வேண்டாம், அது விசிட்டைக் கூட்டாது. 'அக்ரிகேட்' கருவியில் ஏரியா வாரியாகக் குழு அமைத்து, விசிட்டுக்கு சம் போடுங்கள்.

இங்கேதான் வரைபடம் ஏமாற்றும். பெல்லந்தூர் ஏரியின் இரு கரையும் படத்தில் பக்கத்தில். வண்டியில் சுற்றித்தான் போக வேண்டும். ரயில் பாதையும் அப்படியே. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசத் தெரு வரைபடத்தை அடியில் போட்டு, ஏரி, தண்டவாளம், டிவைடர் உள்ள பெரிய சாலை இவற்றையே எல்லையாக்குங்கள். கடைத்தெரு நடுவே எல்லை விழுந்தால் எதிரெதிர் கடைக்கு இரண்டு பேர் போவார்கள், ரேட்டும் இரண்டாகும். அங்கே பின்கோட்டை மறந்து தெரு முழுவதையும் ஒருவரிடமே விடுங்கள்.

5. கைமாற்றுவது

மாதம் 1-ஆம் தேதி மாற்றுங்கள். அதற்குமுன் ஒவ்வொரு கடையின் பழைய பாக்கியையும் பட்டியலிட்டு, பழைய ஆள், புது ஆள், கடைக்காரர் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் "அந்தத் தம்பிகிட்டயே குடுத்துட்டேனே" என்ற பதில் நிச்சயம் வரும்.