வால்பாறைச் சாலையில் யானை நின்றால்: காரில் செல்வோருக்கான செய்முறை

ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டும் முறையை நான் இங்கே விளக்கவில்லை. மேலே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் யானையைக் கண்டால் செய்ய வேண்டியதை மட்டும், ஒருமுறை தவறு செய்து கற்றுக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதல் வேலை, கிளம்பும் முன் தேநீர்க் கடையிலோ தங்குமிடத்திலோ "இன்றைக்கு யானை எந்தப் பக்கம்?" என்று கேட்பது. வழியில் கம்பத்தின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தால், அருகில் யானை இருக்கிறது என்று பொருள். காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பான நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களின் முயற்சியால் வந்த இந்த விளக்குகளைச் செல்பேசி மூலமே எரியவிடலாம்.

யானை தென்பட்டதும் 50 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், ஹை பீமைத் தாழ்த்துங்கள், இறங்காதீர்கள். எஞ்சின் ஓடட்டும், ஆனால் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டாம். முன்னால் வேறு வண்டி நின்றால், அது பின்னால் வர இடம் விட்டு நிறுத்துங்கள்.

அடுத்தது காத்திருப்பது. நான் தவறியது இங்கேதான். ஒரு மாலையில் பெரிய பெண் யானையும் குட்டியும் சாலையைக் கடந்து தேயிலைச் சரிவில் இறங்கியதும், வழி விட்டாயிற்று என்று நினைத்து வண்டியை நகர்த்தினேன். பத்தடி போவதற்குள் இடப்பக்கத்து உண்ணிச்செடிப் புதர் விலகியது. செம்மண் அப்பிய நெற்றி முதலில் தெரிந்தது. பிறகு காதுகள், விறைத்து விரிந்து, அசைவே இல்லாமல். குட்டிக்கும் அந்த யானைக்கும் நடுவில் என் வண்டி நின்றது. மெதுவாக, நேராக, பின்னோக்கி எடுத்தேன். அது சற்று நேரம் பார்த்துவிட்டுக் கடந்து போனது.

அதிலிருந்து, கடைசி யானை கண்ணுக்கு மறைந்த பிறகும் முழுதாக ஐந்து நிமிடம் காத்திருக்கிறேன். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தால், குச்சி முறிவதும் இலை பறிபடுவதும் கேட்கும். அந்தச் சத்தம் அடங்கும் வரை நகரக் கூடாது. காதை விசிறிக்கொண்டும் வாலை ஆட்டிக்கொண்டும் மேய்கிற யானை பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. காதுகள் அசையாமல் விரிந்து, துதிக்கை சுருண்டு, காலால் மண்ணைத் தள்ளினால் நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் இடையே மதநீர் வழிந்த ஈரக்கோடு தெரிந்தால், காத்திருக்காமல் உடனே பின்வாங்கி வெகுதூரம் போய்விடுங்கள்.

இவற்றைத் தொலைவிலிருந்தே கவனிக்க ஒரு சாதாரண பைனாகுலர் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசிக் கேமராவை நம்புகிறவர்கள் படத்துக்காக இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெருங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பின்சேர்க்கை: பைக்கில் வருவோர் சிலர் கேட்டிருந்தார்கள். பைக்கைப் பின்னோக்கி ஓட்ட முடியாது என்பதால், காரைவிட இன்னும் தள்ளி நிறுத்தி, உடனே வண்டியை வந்த வழிக்குத் திருப்பி வைத்துவிடுங்கள். தனியாக முந்திச் செல்லாமல், வழி தெளிந்த பிறகு பேருந்தோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் செல்லுங்கள்.